பேஸ் கிட்டாருக்கு ஒரு சொந்த ஏற்பாடு: பெட்டி, பவர் ஆம்ப், ப்ரீஆம்ப் மூன்றையும் சேர்த்து அமைக்க முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வைகாசித் திருவிழாக் கச்சேரி. மேடையில் எனக்குப் பின்னால் இரண்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன, ஒவ்வொன்றின் மின்தடையும் 8 ஓம். மைக் செட் அண்ணன் அன்போடு வந்து, "தம்பி, வண்டியில் இன்னொரு பெட்டி சும்மா கிடக்கிறது. சேர்த்துக்கொள்கிறாயா? கடைசி வரிசை வரைக்கும் அதிரும்" என்றார். சரி என்றேன். மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணம் தொடங்கியபோது ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிட்டது. மீதிக் கச்சேரிக்குக் கீபோர்டு அண்ணன்தான் இடது கையால் பேஸ் வாசித்தார்.

அந்த மூன்றாவது பெட்டி 4 ஓம். இரண்டு 8 ஓமும் ஒரு 4 ஓமும் இணையாகச் சேர்ந்தால் ஆம்ப் காண்பது வெறும் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அந்த ஆம்பின் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. பார்க்காமல் மாட்டியது நான்தான்.

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மேலும் பிரிந்தது. ஆனாலும் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் ஒரே சுற்றுதான்: ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, காட்பாடி. இந்தச் சுற்றில் பெரும்பாலான பேஸ் கலைஞர்கள் கிட்டாரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே என்ன ஆம்ப் இருக்கிறதோ அதில் வாசிக்கிறார்கள். 1980-களின் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பேஸ் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குக் கூடத் தெரியும். அவருக்கு அந்த வரியை வெறும் உறுமலாகக் கொடுப்பது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால்தான் சொந்தமாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். அதை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரிந்த வரையில் முழுமையாக எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கிட்டார், பிறகு அதன் மெலிந்த சமிக்ஞையை உயர்த்தும் ப்ரீஆம்ப், பிறகு பெட்டியை ஓட்டும் பவர் ஆம்ப், கடைசியில் பெட்டி. சத்தம் போகும் வழி இது. வாங்கும் வழி இதற்கு நேர் எதிர். காற்றை அசைப்பது பெட்டிதான். அதன் ஓம் எவ்வளவு, எவ்வளவு வாட் தாங்கும் என்று தெரிந்த பிறகே அதற்குப் பொருத்தமான பவர் ஆம்பைத் தேட முடியும். பவர் ஆம்புக்கு எவ்வளவு வோல்டேஜ் உள்ளே வர வேண்டும் என்று தெரிந்த பிறகே ப்ரீஆம்ப். பலர் ஆசைப்பட்டு முதலில் பெரிய ஆம்பை வாங்கிவிட்டுக் கையில் மிஞ்சிய பணத்துக்குப் பெட்டி தேடுகிறார்கள்.

பெட்டியின் பின்புறத் தகட்டில் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது ஓம். இரண்டாவது தாங்கும் வாட். இதில் ஆர்எம்எஸ் என்றோ தொடர் திறன் என்றோ போட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். புரோகிராம், பீக் என்று பெரிய எழுத்தில் இருப்பவை அதே பெட்டியின் இரண்டு மடங்கு, நான்கு மடங்குக் கணக்கு. மூன்றாவது எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை: உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 97 டெசிபல் பெட்டிக்கும் 100 டெசிபல் பெட்டிக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். ஆனால் ஆம்ப் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதும் அதே 3 டெசிபல்தான். அதாவது, 100 டெசிபல் பெட்டிக்கு 300 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை 97 டெசிபல் பெட்டியில் கொண்டுவர 600 வாட் வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் ஆம்பைப் பெரிதாக்குவதைவிட அதே மாதிரிப் பெட்டி இன்னொன்றைச் சேர்ப்பது நல்லது. ஸ்பீக்கர் பரப்பு இரட்டிப்பாவதால் தாழ்ந்த சுரங்களில் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். ஓம் பாதியாவதால் ஆம்பும் கூடுதல் திறனைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் 6 டெசிபல் வரை கிடைக்கலாம். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப் தான். அது பெரிய அரங்குகளை நிறைத்ததற்குப் பாதிக் காரணம் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய அதன் பெட்டி. மினி வேனில் போகும் நமக்கு அது தோதுப்படாது. பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டிகள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. வீட்டுப் பயிற்சிக்கு ஒன்று, மண்டபத்துக்கு இரண்டு. ஒருவரே தூக்கலாம்.

ஓம் கணக்கு

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கேபிள் போட்டாலும், ஆம்பின் ஒரே சேனலில் இரண்டு கேபிள் மாட்டினாலும், இரண்டுமே இணை இணைப்புத்தான். ஒன்றன் பின் ஒன்றாகக் கேபிள் போவதைப் பார்த்துத் தொடர் இணைப்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெட்டியின் பின்னால் உள்ள இரண்டு சாக்கெட்டுகளும் உள்ளே இணையாகவே பிணைந்திருக்கும்.

இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. ஒரு 8-உம் ஒரு 4-உம் சேர்ந்தால் ஏறக்குறைய 2.7. இந்தக் கடைசி வகையில் ஓம் குறைவதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 4 ஓம் பெட்டி 8 ஓம் பெட்டியைப் போல இரண்டு மடங்கு வாட்டை இழுத்துக்கொள்ளும். அது திணறும்போது மற்றது சும்மா இருக்கும். அதனால் ஒரே ஓம் உள்ள பெட்டிகளையே ஒரு சேனலில் சேருங்கள்.

தகடு உரிந்துபோன பழைய பெட்டி கிடைத்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பெட்டியை எதிலும் மாட்டாமல் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின் எதிர்ப்பு, பெயரளவு ஓமைவிடக் குறைவாக இருக்கும். 5.5-இலிருந்து 7 வரை காட்டினால் 8 ஓம் பெட்டி. 3-இலிருந்து 3.5 வரை காட்டினால் 4 ஓம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது அல்லது உள்ளே ஒயர் விட்டிருக்கிறது. அளந்ததை அழியாத மையில் பெட்டியின் முதுகில் பெரிதாக எழுதிவிடுங்கள். இருட்டு மேடையில் அவசரமாக மாட்டும்போது அந்த எழுத்துத்தான் காப்பாற்றும்.

பிரிட்ஜ் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சேனல் பவர் ஆம்பின் இரு சேனல்களையும் சேர்த்து ஒரே பெட்டியை ஓட்டுவது பிரிட்ஜ். அப்போது ஒவ்வொரு சேனலும் பெட்டியின் ஓமில் பாதியைத்தான் காணும். 8 ஓம் பெட்டி மாட்டினால் சேனலுக்கு 4, 4 ஓம் மாட்டினால் சேனலுக்கு 2. ஆகவே பிரிட்ஜில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று ஆம்பின் பின்னால் தனியாகப் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள்.

மைக் செட் ஆம்ப்ளிஃபையரையே பவர் ஆம்பாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் பின்னால் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்று வேறு முனைகளும் இருக்கும். அவை தெருவெங்கும் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு. அவற்றினுள் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் தாங்கும். பேஸ் பெட்டியை அந்த முனையில் மாட்டினால் பெட்டியோ ஆம்போ போய்விடும்.

எத்தனை வாட்

பெட்டிகளின் மொத்த ஆர்எம்எஸ் 600 வாட் என்றால், அதே ஓமில் 600-இலிருந்து 900 வாட் வரை தரும் ஆம்ப் போதும். சற்றுப் பெரிய ஆம்பை நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. விரல் கம்பியைத் தொடும் அந்தக் கணத்தில் எழும் சிகரம், தொடர்ந்து ஒலிக்கும் சுரத்தைவிடப் பல மடங்கு உயரமானது. சிறிய ஆம்ப் அந்தச் சிகரத்தை வெட்டிவிடும். உச்சி வெட்டுப்பட்டு முழுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள வழவழப்பான அலையைவிட இரண்டு மடங்கு திறனைப் பெட்டிக்குள் தள்ளும். அதில் முதலில் கருகுவது பெட்டியின் மேல்மூலையில் இருக்கும் சிறிய ஹார்ன்தான்.

பெரிய ஆம்ப் என்றால் கையில் கட்டுப்பாடு வேண்டும். சமிக்ஞை ஓர் அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தும் அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் லிமிட்டர். பின்னால் வருகிறேன்.

ஏபி வகை, டி வகை என்று இரண்டையும் கடையில் சொல்வார்கள். ஏபி கனமானது, நிறையச் சூடாகும். டி வகை இலேசானது, குறைவாகச் சூடாகும். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் தகரக் கொட்டகைக்குக் கீழே வாசிப்பவனுக்கு டி வகையே தோது. எதுவாக இருந்தாலும் அதன் விசிறி முன்னாலிருந்து பின்னால் ஊதுகிறதா, பின்னாலிருந்து முன்னால் ஊதுகிறதா என்று கைவைத்துப் பார்த்து, அந்த வழியை மறைக்காமல் ரேக்கில் பொருத்துங்கள். மேலே ஒரு யூனிட், அதாவது ஒன்றேமுக்கால் அங்குலம், காலியாக விடுங்கள். வடிகட்டிப் பஞ்சை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால், மின்கம்பியைச் செருகும் முன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் மாட்டியதுமே எரிந்துபோகும். தேர்வுச் சுவிட்ச் இருந்தால் 230-க்கு மாற்றுங்கள். இல்லையென்றால், போதுமான வாட் உள்ள இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

ப்ரீஆம்ப்

பேஸ் கிட்டாரிலிருந்து வருவது மிக மெலிந்த சமிக்ஞை. பேட்டரி இல்லாத கிட்டாரின் பிக்கப்புக்கு 10 லட்சம் ஓம் அளவுக்கு உள்ளீட்டு எதிர்ப்பு வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீட்டில் நேராக மாட்டினால் மேல் சுரங்கள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும். இந்த மெலிந்த சமிக்ஞையை வாங்கி, நிறம் கொடுத்து, பவர் ஆம்ப் எதிர்பார்க்கும் ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்துவதே ப்ரீஆம்பின் வேலை.

ரேக்கில் பொருத்தும் வகையும் உண்டு, காலால் மிதிக்கும் சிறிய வகையும் உண்டு. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் 1990-களிலிருந்து இந்தச் சிறிய வகைக்கு ஒரு முன்மாதிரி. எதை வாங்கினாலும் மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: மிக்ஸருக்குக் கொடுக்க சமநிலை டிஐ வெளியீடு, அதற்கு எர்த் விலக்கும் சுவிட்ச், தாழ்ந்த அதிர்வை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். மூன்றாவது இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே வருவதெல்லாம் கை பட்ட தட்டலும் மேடை அதிர்வும்தான். துளையுள்ள பெட்டியில் அந்த ஆழத்தில் ஸ்பீக்கர் கூம்புக்குப் பிடிமானம் இருக்காது, சத்தமே தராமல் வெறுமனே முன்னும் பின்னும் பாயும். 30-க்கும் 40-க்கும் இடையே வெட்டினால் கேட்கும் சத்தம் குறையாது, ஸ்பீக்கரின் ஆயுள் கூடும்.

கேபிளும் பின்னும்

கிட்டாரிலிருந்து ப்ரீஆம்புக்குச் சாதாரண கிட்டார் கேபிள், ஐந்து மீட்டருக்குள். ப்ரீஆம்பிலிருந்து பவர் ஆம்புக்கு மைக் கேபிள் போன்ற சமநிலைக் கேபிள். நம் ஊரில் கேனான் பின் என்று சொல்லும் எக்ஸ்எல்ஆர் பின்னில் 1 எர்த், 2 நேர், 3 எதிர். ஆம்பிலிருந்து பெட்டிக்குத் தடித்த இரட்டைச் செம்புக் கேபிள்.

இந்த மூன்றாவதில்தான் தவறுகள் நடக்கின்றன. கிட்டார் கேபிளின் பின்னும் பெட்டியின் பின்னும் ஒரே மாதிரி கால் அங்குல ஜாக்காக இருந்தால், கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுகிறோம். கிட்டார் கேபிளின் நடுக்கம்பி மிக மெல்லியது. 4 ஓமில் 500 வாட் ஓடும்போது கேபிளில் பாய்வது 11 ஆம்பியருக்கு மேல். கேபிள் சூடாகி உருகி ஷார்ட் ஆனால் ஆம்பின் வெளியீடு போகும்.

தடிமனுக்கும் கணக்கு உண்டு. பத்து மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர இருபது மீட்டரில் அரை ஓம் ஒயரிலேயே போய்விடும். 4 ஓம் பெட்டிக்கு அது பெரிய இழப்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.15 ஓம்தான். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் நல்ல செம்பு ஒயரே போதும். பின்னுக்கு ஸ்பீக்கான் வாங்குங்கள். செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது, விரலும் உலோகத்தில் படாது. வேலூரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறுங்கள். சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான்.

சாதாரண இணைப்புக்கு ஸ்பீக்கானில் 1+, 1- முனைகளில் ஒயரைப் பொருத்துங்கள். பிரிட்ஜுக்குப் பல ஆம்புகளில் 1+, 2+ என்று மாறும். ஆம்பின் முதுகில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். அந்தக் கேபிளுக்கு வேறு நிற நாடா சுற்றித் தனியாக வையுங்கள்.

இரண்டு பெட்டி இருந்தால் துருவச் சோதனை செய்யாமல் விடாதீர்கள். கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை 1+ இலும் எதிர்முனையை 1- இலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே துள்ள வேண்டும், இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் காற்றை மற்றது விழுங்கிவிடும். எவ்வளவு வாட் கொடுத்தாலும் அடிச்சத்தம் வராது. புதுப் பெட்டி வாங்கியும் பேஸ் கேட்கவில்லை என்று வருந்திய இரண்டு நண்பர்களுக்கு நான் செய்துகொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

மின்சாரமும் எர்த்தும்

இதை நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றில் தவறினால் பொருள்தான் போகும். இதில் தவறினால் உயிர் போகும்.

மண்டபத்துக்குப் போனதும் பெட்டியை இறக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, மேடை சாக்கெட்டில் மூன்று அளவுகளை எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220-இலிருந்து 240 வரை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. இரண்டாவது அளவு பாதியாகவோ தாறுமாறாகவோ காட்டினால் அங்கே எர்த் இல்லை என்று பொருள். ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சரிசெய்யும் வரை மாட்டாதீர்கள். திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டர் என்றால், எர்த் கம்பி அடித்து ஈரப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது, பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு. உங்கள் ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் வேறு லைனிலும் இருந்தால், விரல் கம்பியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று இழுக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாட வேண்டாம். ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட் பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் இது தீரும். சீரியல் விளக்குகள் ஓடும் லைனில் மட்டும் மாட்டாதீர்கள், அந்த இரைச்சல் முழுவதும் உங்கள் பெட்டியில் கேட்கும்.

'ம்ம்' என்ற உறுமல் வந்தால் மேடையில் யாராவது ஒருவர், "எர்த் பின்னை உடைத்துவிடு, சரியாகிவிடும்" என்று சொல்வார். உறுமல் நிற்கும்தான். ஆனால் உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே இருந்த ஒரே காவலும் போய்விடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். டிஐ வெளியீட்டில் இருக்கும் எர்த் விலக்கும் சுவிட்ச் சமிக்ஞையின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது. அதை அழுத்துங்கள்.

முதல் முறை ஓட்டுவது

எல்லா இணைப்பும் முடிந்த பிறகு பவர் ஆம்பின் குமிழ்களை முழுவதும் இறக்குங்கள். ப்ரீஆம்பை முதலில் போடுங்கள். சில விநாடி கழித்துப் பவர் ஆம்ப். வரிசை மாறினால் ப்ரீஆம்ப் விழிக்கும்போது எழும் 'டொம்' முழுத் திறனோடு பெட்டியைத் தாக்கும்.

ப்ரீஆம்பில் அடி, நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்களை எல்லாம் நடுவில் வையுங்கள். உங்களால் எவ்வளவு அழுத்தி அடிக்க முடியுமோ அவ்வளவு அழுத்தித் தடித்த கம்பியை அடித்துக்கொண்டே உள்ளீட்டுக் குமிழை ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியதும் சற்றுக் குறையுங்கள். வீட்டில் மெதுவாக வாசித்து வைத்த அளவு மேடையில் பொய்த்துவிடும், மேடையில் கை தானாகவே கனக்கும். பேட்டரி உள்ள ஆக்டிவ் கிட்டார் என்றால், உள்ளே வரும் சமிக்ஞையைக் குறைக்கும் பேட் சுவிட்சை அழுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

பிறகு ப்ரீஆம்பின் வெளியீட்டுக் குமிழான மாஸ்டரைப் பாதிக்குச் சற்று மேல் வைத்து, பவர் ஆம்பின் குமிழை மெல்ல ஏற்றுங்கள். வேண்டிய சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். பவர் ஆம்பின் குமிழைப் பாதியில் வைத்தால் பாதி வாட்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அந்தக் குமிழ் உள்ளே வரும் சமிக்ஞையை மட்டும் குறைக்கிறது. வரும் சமிக்ஞை பெரிதாக இருந்தால் கால்வாசித் திருப்பத்திலேயே ஆம்ப் முழுத் திறனையும் கொட்டிவிடும். மாஸ்டரை மிகக் குறைத்துக் குமிழை முழுக்க ஏற்றினால் 'உஸ்' என்ற இரைச்சல் கூடும். தலைகீழாகச் செய்தால் ப்ரீஆம்ப் பிளிறும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது லிமிட்டர். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு மட்டும் சொல்கிறேன். வால்வு பவர் ஆம்பைப் பெட்டி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பெட்டிகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஏசி 200 வோல்ட் அளவில் வைத்து, குமிழ் இறங்கி இருக்கும்போதே ஆம்பின் வெளியீட்டு முனைகளில் இணையுங்கள். கைப்பேசியில் 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓட்டி ப்ரீஆம்ப் வழியாகக் கொடுங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதுதான் என்பதால் சாதாரண மீட்டரும் அங்கே சரியாக அளக்கும். பெட்டியின் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது தாங்கும் வோல்டேஜ் கிடைக்கும். 300 வாட், 8 ஓம் என்றால் 2400-இன் வர்க்கமூலம், 49 வோல்ட். மெல்ல ஏற்றி, மீட்டர் 45-ஐத் தொடும்போது லிமிட்டர் பிடிக்கும்படி அமையுங்கள். அதே மாதிரிப் பெட்டி இரண்டானாலும் இந்த எண் மாறாது, இணையில் இரண்டும் அதே வோல்டேஜைத்தான் பெறுகின்றன. கூடுவது ஆம்பிலிருந்து பாயும் மின்னோட்டம் மட்டுமே. முனைகளைத் தொடாதீர்கள், அந்த வோல்டேஜும் அடிக்கும்.

மேடையில் எங்கே வைப்பது

இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் பெட்டி காதுக்கு நெருங்கி வருவதால் உங்களுக்கும் தெளிவாகக் கேட்கும், பக்கவாட்டில் இருக்கும் தபேலாக்காரருக்கும் ஒரே மாதிரி கேட்கும்.

பின்சுவருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள தூரம் விளையாடும் விளையாட்டு வேறு. வெயில் நாளில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகிறது. ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹெர்ட்ஸில் நேர் எதிராக வந்து சேர்ந்து அந்தச் சுரத்தை விழுங்கும். டி கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் எஃப் சுரம் அது. ஒன்றரை மீட்டர் என்றால் ஏ கம்பியின் முதல் ஃப்ரெட். பாட்டின் நடுவே ஒரு சுரம் மட்டும் காணாமல்போனால் விரலைக் குறை சொல்லாதீர்கள், பெட்டியை நகர்த்திப் பாருங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் இந்தப் பள்ளம் மேலே நகர்ந்து, அடிச்சத்தமும் கூடும். அதிகம் கூடினால் ப்ரீஆம்பில் குறைத்துக்கொள்ளலாம். மூலையில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே உறுமல் அடங்காது.

பலகை மேடை என்றால் அது பறை போல அதிரும். பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பரோ ஃபோமோ போடுங்கள். நான்காக மடித்த சாக்குகூட ஓரளவுக்கு உதவும்.

ஈக்யூவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது அவரவர் காது. 80-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் எடை, 250-ஐச் சுற்றி மண்டபத்தின் குழப்பம், 800-ஐச் சுற்றிச் சுரத்தின் தெளிவு. கல்யாண மண்டபத்திலும் உயரக் கூரையுள்ள தேவாலயத்திலும் 250-ஐக் கொஞ்சம் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. தனியாக வாசிக்கும்போது அழகாகக் கேட்ட ஒலி, குழு சேர்ந்ததும் காணாமல்போவது இயல்பு. அப்போது அடியை ஏற்றாமல் 800-ஐ ஏற்றுங்கள்.

மைக் செட்காரருக்கு டிஐ கொடுக்கும்போது ஈக்யூவுக்கு முந்தைய சமிக்ஞையைக் கொடுங்கள். மேடைக்காக நீங்கள் திருப்பும் குமிழ் மைதானத்தின் ஒலியைக் கலைக்காது. "அண்ணே, அடியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், மேடை என் பொறுப்பு" என்று தொடங்கும் முன்பே பேசிவைத்துவிடுங்கள்.

கச்சேரி முடிந்ததும் முதலில் அணைய வேண்டியது பவர் ஆம்ப். குமிழை இறக்கி, அணைத்து, பத்து விநாடி பொறுத்து ப்ரீஆம்பை அணையுங்கள். ஏபி வகை ஆம்ப் என்றால் உடனே மூடி போட்டு வண்டியில் ஏற்றாதீர்கள். கேபிள்களைச் சுருட்டி முடிக்கும் வரை அது திறந்த வெளியில் ஆறட்டும்.